பையைப் பார்த்துக்கொண்டவர்

முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் படிவம் பார்த்த பூவராகன், ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் களப்பணி பழக வந்தார். சொல்லிக்கொடுத்தவர் சலேத்மேரி. பூவராகனைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒருவர் படுத்துக் கிடந்தார். வலது காலில் புண், ஈ மொய்த்தது. இந்த வாரத்துக்குள் மருந்து போடாவிட்டால் கால் தங்காது என்று இல்லத்து நர்ஸ் சொல்லிவிட்டார். பூவராகன் ஐந்து நாள் போனார். உட்கார்ந்ததுமே படிவம் கையில் தானாக விரிந்துவிடும். பெயர், ஊர், உறவு என்று வரிசையாகக் கேட்பார். அந்த ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். காலைத் தொடவே விடவில்லை.

"பேருகூட வாங்க முடியல மேடம். பத்தொம்பது கேள்வியில ஒண்ணுக்கும் பதில் இல்ல."

ஆறாம் நாள் சலேத்மேரி கூட வந்தார். அந்த ஆளின் பக்கத்தில் தன் தோள்பையை இறக்கி வைத்தார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? டீ குடிச்சிட்டு வந்துடறோம்."

பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

கடையில் பூவராகனுக்கு டீ இறங்கவில்லை.

"பையில என்ன மேடம் இருக்கு?"

"மருந்து, பஞ்சு, என் போன், வீட்டுச் சாவி."

"அவரு எடுத்துட்டுப் போயிட்டா?"

"பூட்ட உடைக்க வேண்டியதுதான். டீ ஆறுது, குடிங்க சார்."

திரும்பி வந்தபோது அந்த ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது.

"ஒரு டீ குடிக்க இம்மாம் நேரமா? போன் வேற அடிச்சிக்கிட்டே கெடக்குது. ஒருத்தன் வந்து யாரு பைன்னு கேட்டான். என்னுதுதான், போடான்னுட்டேன்."

"நல்லதாப் போச்சுண்ணே."

சலேத்மேரி பையை வாங்கி மருந்தை வெளியே எடுத்தார். அந்த ஆள் காலை நீட்டினார். கட்டுப் போட்டு முடிகிற நேரத்தில் பூவராகனைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கய்யா. பேரு கலியமூர்த்தி."

இல்லத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பூவராகனுக்கு மனசு நிறைந்திருந்தது. பஸ்சில் உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்தார்.

"மேடம், இத நம்ம படிவத்துல முதல் வரியாவே சேத்துடலாமா? 'பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்'னு. புதுசா வர்றவங்களுக்கு உபயோகப்படும்."

"சேக்கலாம் சார். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் வெறும் பையை வெச்சிட்டுப் போவாங்க."