பக்கவாட்டில் நடந்த வண்டலி

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு வளை. அதில் வண்டலி என்ற நண்டு குடியிருந்தது.

அந்த வருஷக் கோடை பொல்லாத கோடை. குளம் பாதியாக வற்றிப்போனது. குளத்துக்குத் தலைவராக இருந்த காட்டுப்பன்றி, ஆழமான தெளிந்த பக்கத்தைத் தன் கூட்டத்துக்கென்று வளைத்துக்கொண்டது. சின்ன உயிர்களுக்குக் கிடைத்தது சேறு மட்டும். அந்தச் சேறும் காய்ந்து வெடித்தபோது வண்டலியின் குஞ்சுகள் எல்லாம் செத்துப்போயின.

வண்டலி அழுதது. பிறகு மழைக்காகக் காத்திருந்தது. மழை முடிந்தால் தேர்தல் வரும்!

தேர்தல் நடக்கும் இடம் கரையிலிருந்த மருத மரம். அதன் பொந்துக்குள் பன்றியை விரும்புகிறவர்கள் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார்கள். எதிர்த்து நிற்கும் கடமானை விரும்புகிறவர்கள் ஒரு வேப்பங்கொட்டையைப் போடுவார்கள். குளத்தை நம்பி வாழும் எல்லோருக்கும் ஆளுக்கொரு கொட்டை உண்டு.

தேர்தல் தொடங்கிய அன்று வண்டலி ஒரு வேப்பங்கொட்டையைக் கொடுக்கில் கவ்விக்கொண்டு கிளம்பியது. மரத்தடியில் காவலுக்கு நின்ற கீரி வழியை மறித்தது.

"ஏய் நண்டே, நில்! தலைவர் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். நேராக நடந்து வருகிறவர்கள்தான் கொட்டை போடலாம்!"

"நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் ஐயா நடக்கிறேன்."

"அப்படியானால் பிறந்ததிலிருந்தே உனக்கு உரிமை இல்லை. போ, போ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தவளைகள் ஏற்கெனவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அவை குதிக்கின்றனவாம், நடக்கவில்லையாம்! நத்தைகளையும் விரட்டியாகிவிட்டது. அவை ஊர்கின்றனவாம்! சேற்றில் தவித்தவர்கள் யார் யாரோ, அவர்களையெல்லாம் அந்தச் சட்டம் சரியாகத் தடுத்தது.

வண்டலி வளைக்குத் திரும்பியது. ஆனால் சும்மா இருக்கவில்லை. முன்னோக்கி நடந்து பழகிப் பார்த்தது. கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தலைகுப்புற விழுந்தது. எழுந்து மறுபடி நடந்தது. ஒரு கால் சுளுக்கிக்கொண்டது.

பக்கத்து வளை நண்டு எட்டிப் பார்த்தது. "உனக்கு ஏன் இந்த வேலை? ஒரு கொட்டையால் என்ன ஆகிவிடப் போகிறது?"

"ஒன்றும் ஆகாதென்றால் அதைத் தடுக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்?" என்றது வண்டலி.

சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. 'நான் ஏன் என் நடையை மாற்ற வேண்டும்? என் நடையில் என்ன குறை?'

மறுநாள் நல்ல வெயிலில் அது மறுபடி மருத மரத்துக்குப் போனது. அதே பக்கவாட்டு நடை!

"மறுபடியுமா!" என்று கீரி சீறியது.

"ஐயா, கோபப்படாமல் என் தடத்தைக் கொஞ்சம் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். ஈரமண்ணில் வண்டலியின் தடம் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே தலைவரின் தடம். கிழங்கு தேடித் தேடி அது இந்தப் புதர், அந்தப் புதர் என்று வளைந்து வளைந்து போயிருந்தது. வரிசையில் நின்ற ஆமைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கீரி தடுமாறியது. மரத்தடியில் படுத்திருந்த பன்றி தலையைத் தூக்கி உறுமியது. "தடம் நேராக இருந்தால் போதாது! முகமும் நேராக இருக்க வேண்டும்!"

"இது எப்போது போட்ட சட்டம் தலைவரே?"

"இப்போதுதான்!"

வண்டலி வாதாடவில்லை. பொந்துக்கு முன்னால், வழியின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "கொட்டையைப் போடாமல் நான் போகமாட்டேன்."

வெயில் ஏறியது. நண்டுக்கு ஈரம்தான் உயிர். ஓடு காயக் காய அதற்கு மூச்சு முட்டியது. கண்கள் மங்கின. குளம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அது அசையவில்லை. கொடுக்கு மட்டும் வேப்பங்கொட்டையை இறுகப் பிடித்திருந்தது.

அப்போது ஒரு முயல் ஓடி வந்தது. தாமரை இலையில் தண்ணீர் மொண்டு வந்து வண்டலியின் மேல் ஊற்றியது.

"நான் பன்றிக்குத்தான் போட்டேன், தெரியுமா?" என்றது முயல்.

"பிறகு ஏன் எனக்குத் தண்ணீர்?"

"இன்றைக்கு உன் நடை சரியில்லை என்கிறார்கள். நாளைக்கு என் காது நீளம் என்பார்கள்!"

முயலும் வண்டலியின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆமை வந்து உட்கார்ந்தது. திரும்பிப் போன தவளைகள் குதித்துக் குதித்து வந்தன. நத்தைகளும் மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தன. வழி அடைந்துபோனது.

பின்னால் நின்ற காட்டெருமையைப் பார்த்துப் பன்றி கத்தியது. "நீ இவர்களைத் தாண்டி வா! வந்து போடு!"

காட்டெருமை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "முதலில் அது போடட்டும். பிறகு நான் போடுகிறேன்."

"நாங்களும் அப்படித்தான்!" என்றன புள்ளிமான்கள்.

"யாருமே போடாவிட்டால் நீங்கள் யாருக்குத் தலைவர்?" என்று கேட்டது ஆமை.

கீரி தலைவரின் முகத்தைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. மெதுவாக வழியை விட்டு விலகிக்கொண்டது.

வண்டலி எழுந்தது. சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தது. மரத்தில் ஏறிக் கொட்டையைப் பொந்துக்குள் போட்டது. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, இறந்துபோன தன் குஞ்சுகளுக்காகத் தான் ஏதோ செய்துவிட்டதாக அதற்குத் தோன்றியது.

அன்று நண்டுகள் எல்லாம் வளையை விட்டு வெளியே வந்தன. பக்கத்து வளை நண்டும் வந்தது! பொந்தைத் திறந்தபோது வேப்பங்கொட்டைகள் குவியலாகக் கொட்டின. கடமான் தலைவரானது. தெளிந்த பக்கம் எல்லோருக்கும் பொதுவானது.

"வென்றுவிட்டோம்!" என்று தவளைகள் கூத்தாடின.

வண்டலி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "மீன்கள் யாரும் கொட்டை போடவில்லையே?" என்றது.

கூத்து நின்றது. "மீனால் மரத்துக்கு எப்படி வர முடியும்?" என்று கேட்டது ஒரு தவளை.

"அவர்களால் மரத்துக்கு வர முடியாதென்றால், பொந்து அவர்களிடம் போகட்டும்."

கீரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "வண்டலி, யோசித்துத்தான் பேசுகிறாயா? விரால் மீன் உன் இனத்துக் குஞ்சுகளைத் தின்கிறது! அது உனக்கு எதிராகத்தான் போடும்!"

"போடட்டும். அது குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தானே?"

கடமான் தலை வணங்கி ஒப்புக்கொண்டது. அடுத்த தேர்தலில் வாய் அகன்ற ஒரு சுரைக்குடுக்கையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார்கள். மீன்களுக்குக் கொட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையை வண்டலியே கேட்டு வாங்கிக்கொண்டது. கெண்டைகள் வந்தன. கெளுத்திகள் வந்தன. கடைசியில் பெரிய விரால் வாயைத் திறந்துகொண்டு நேராக வந்தது.

வண்டலி பயந்து ஒரு அடி பக்கவாட்டில் ஒதுங்கியது. ஆனாலும் இரண்டு கொட்டைகளையும் நீட்டியது. "உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்."

விரால் ஒரு கணம் நின்றது. வண்டலியின் கொடுக்கில் பல் படாமல், மிக மெதுவாக ஒரு கொட்டையைக் கவ்விக்கொண்டு போய்க் குடுக்கையில் போட்டது. எந்தக் கொட்டை என்று வண்டலி திரும்பிப் பார்க்கவில்லை.

தனக்குக் கிடைத்த உரிமையைத் தனக்கு வேண்டாதவருக்கும் கேட்டு வாங்கித் தருகிறவரால்தான் எல்லோருடைய உரிமையும் நிலைத்து நிற்கிறது.