வலது ஓரத்து நிழல்

“மேடம், எந்தக் கேமரா வாங்கலாம்?”

தணிகைவேல் வாசலில் நின்றபடியே கேட்டான். உட்காரச் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தோளில் பெரிய பை. அதன் பட்டை சட்டையை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

ஃபிலோமினா ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொடியின் ஒரு முனை தென்னை மரத்தில். மறுமுனை ஒரு கேமரா டிரைபாடில். அதன் கால்களில் மணல் மூட்டை கட்டியிருந்தது.

அவன் டிரைபாடையே பார்த்தான். கார்பன் ஃபைபர். நல்ல கம்பெனி.

“எந்த டிரைபாட் நல்லதுன்னு கேட்டு ஒருத்தர் வந்தார்,” என்றார் ஃபிலோமினா. “அவர் விட்டுட்டுப் போனது. நல்லதுதான். ஈரப் போர்வை போட்டாக்கூட சாயறதில்ல.”

தரங்கம்பாடியில் கடலுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டு வீடு. ஒரு காலத்தில் ஃபிலோமினா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். பிறகு அவர் படம் எடுப்பதை விட்டுவிட்டார். ஏனென்று யாருக்கும் தெரியாது. கேள்வி உள்ளவர்கள் மட்டும் வழி விசாரித்து வந்துகொண்டே இருந்தார்கள்.

தணிகைவேலைவிட அவர் வயதில் சின்னவர். அவன் மேடம் என்றான். அவர் சார் என்றார்.

“இப்ப என்ன வெச்சிருக்கீங்க சார்?”

சொன்னான்.

“அதுல என்ன குறை?”

“சின்ன சென்சார் மேடம். ஃபுல் ஃப்ரேமுக்குப் போயிடலாமான்னு பார்க்கறேன். இல்ல, பாடி இதுவே இருக்கட்டும், லென்ஸ மட்டும் மாத்தலாமான்னும் ஒரு யோசனை. யூட்யூப்ல ஒருத்தன் லென்ஸ்தான் முக்கியம்ங்கிறான். ஒருத்தன் பாடிதான்ங்கிறான். இன்னொருத்தன் ரெண்டும் இல்ல, வெளிச்சம்தான்ங்கிறான். பார்த்தா அவன்கிட்டதான் ரெண்டும் இருக்கு.”

ஃபிலோமினா சிரித்தார். கடைசித் துணியையும் போட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

“படம் சரியா வரலையா?”

“வரல.”

“எப்படித் தெரியும்?”

“யாரும் பார்க்கறதில்ல.”

“யாரும்னா?”

“எங்க சப்ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போடுவேன். ஒருத்தர் மட்டும் கைதட்டற பொம்மை போடுவார். என்ன போட்டாலும் அதான். ஒரு சாவு சேதிக்கும் அதையே போட்டவர் அவர்.”

“யாரும்னா?” என்று மறுபடி கேட்டார் ஃபிலோமினா.

தணிகைவேல் பையின் பட்டையைச் சரி செய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

“என் பொண்ணு,” என்றான்.

*

மகள் பெயர் அருள்மொழி. புனேவில் வேலை. அடுத்த மாதம் கனடா போகிறாள்.

“போயிட்டா அப்புறம் இதுவும் இருக்காது மேடம்.”

செல்போனை நீட்டினான். ஃபிலோமினா விரலால் தள்ளிக்கொண்டே போனார். லடாக். கட்ச். மேகாலயா. ஏரி, உப்புவெளி, வேர்ப்பாலம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இரண்டு சாம்பல் நிற டிக். போய்ச் சேர்ந்தது. திறந்து பார்க்கப்படவில்லை.

இன்னும் மேலே போனார். பழைய படங்களுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் இருந்தது. அதற்கும் மேலே ‘சூப்பர்ப்பா’ இருந்தது. அதற்கும் மேலே ‘எங்கப்பா இது?’ இருந்தது.

“பேசறதே இல்லையா?”

“பேசுவா. சாப்பிட்டீங்களா, அங்க மழையா, சரி வெக்கட்டுமா. அவ்வளவுதான்.”

“ஃபுல் ஃப்ரேம்ல எடுத்தா பார்ப்பாளா?”

“நல்லா ஷார்ப்பா இருந்தா, ஒரு தடவை பார்த்ததுமே நிக்கிற மாதிரி இருந்தா, எங்கப்பா இதுன்னு கேட்பா. முன்னாடி கேட்டுட்டிருந்தா. அதனாலதான் கேட்கறேன். போறதுக்குள்ள ஒரு படமாவது.”

ஃபிலோமினா செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“படங்கள்ல மனுஷங்களே இல்லையே சார்.”

தணிகைவேலின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

“எல்லாரும் இதைத்தான் கேட்பாங்க மேடம்! சீசன்ல போய்க்கூட ஆள் இல்லாம எடுத்திருக்கேன். காத்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி. ஒருத்தர் போவார், இன்னொருத்தர் வருவார். நகருங்க நகருங்கன்னு கெஞ்சணும். ஒரு கல்யாண கோஷ்டி என்னை அடிக்கவே வந்துட்டாங்க.”

“உங்களுக்குப் பிடிச்ச படம் எது?”

*

லேப்டாப்பைத் திறந்து காட்டினான்.

ஹம்பி. மதங்க மலை உச்சி. வலது பக்கத்திலிருந்து இளவெயில் விழுந்திருந்தது. கீழே பள்ளத்தாக்கில் கோயில்கள் பனியில் பாதி மூழ்கிக் கிடந்தன. முன்னால் ஒரு பெரிய பாறை, பழுத்த நிறத்தில்.

“ஒரு காலண்டர்ல வந்தது. ஜூன் மாசம்.”

ஃபிலோமினா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பாறையின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“அட, கண்டுபிடிச்சிட்டீங்களே. காலண்டர்காரங்களே கவனிக்கல.” நாக்கைக் கடித்துக்கொண்டான். “நிழல் மேடம். அதை மட்டும் எடுக்க முடியல. அழிச்சுப் பார்த்தேன், பாறை சேறு மாதிரி ஆயிடுச்சு. விட்டுட்டேன்.”

“யாரோட நிழல்?”

“பாப்பாவோடது. அப்ப அவளுக்குப் பதினோரு வயசு. அவ அம்மா போன பிறகு லீவுக்கு எங்க போனாலும் கூட்டிட்டுப் போயிடுவேன். வேற யார்கிட்ட விடறது?”

“பாப்பா எங்க?”

“ஃப்ரேமுக்கு வெளிய நிக்கச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் உள்ள வந்துட்டா. வெட்டிட்டேன்.”

“வெட்டிட்டீங்க.”

“அது ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்.” அவசரமாகச் சொன்னான். “இந்த சாஃப்ட்வேர்ல வெட்டினாலும் எதுவும் போகாது. மறைச்சுத்தான் வெக்கும். முழுப் படம் அப்படியே உள்ள இருக்கும். வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம்.”

“எடுத்துப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்கு?”

ஃபிலோமினா எழுந்தார்.

“கடற்கரைக்குப் போகலாம் வாங்க. உங்க கேமராவை எடுங்க, என்னதான் குறைன்னு பார்ப்போம்.”

ஃபிலோமினா மறுபடி கேமராவைத் தொடப் போகிறார். அதுவும் அவனுடைய கேமராவை.

*

கோட்டையைத் தாண்டி, பாறைகள் கொட்டிய இடத்தில் ஃபிலோமினா நின்றார். கேமராவை வாங்கிக்கொண்டார். பையை அவனிடமே விட்டார்.

“அதைக் கீழ வெக்காதீங்க சார். மணல் உள்ள போயிடும்.”

“சரி மேடம்.”

அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டது போல இருந்தது அவனுக்கு.

ஃபிலோமினா கடலைப் பார்த்து நின்று கேமராவைக் கண்ணருகே உயர்த்தினார். அவன் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் போனான்.

“தள்ளி நில்லுங்க. நிழல் விழுது.”

தள்ளி நின்றான்.

“இன்னும் கொஞ்சம்.”

நின்றான்.

“அங்கதான். அசையாதீங்க.”

அலை வந்தது, போனது. ஃபிலோமினா அசையவில்லை. வெயில் ஏறியது. பையில் லேப்டாப், லென்ஸ்கள், பேட்டரிகள், ஃபில்டர்கள், மழை உறை எல்லாம் இருந்தன. எடுத்து வந்தது அவன்தான். எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றும் வேண்டியதாகத்தான் தெரிந்தது. இப்போது பட்டை தோளை அறுத்தது. இடது தோளுக்கு மாற்றினான். பிறகு வலது தோளுக்கு. பிறகு கழுத்தில் மாட்டி, அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

“மேடம், என்ன எடுக்கறீங்கன்னு நானும் பார்க்கட்டுமா?”

“அப்புறம்.”

ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மா செல்போனை நீட்டி, “அண்ணே, எங்க எல்லாரையும் சேர்த்து ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே” என்றாள். அவன் கைகள் இரண்டும் பைக்கடியில் இருந்தன. முடியாது என்று தலையாட்டினான். அவள் கணவன், “பாவம்டி, அவரே அந்தம்மாவுக்கு மூட்டை தூக்கிட்டு நிக்கிறார்” என்றபடி அவளை இழுத்துக்கொண்டு போனான். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தணிகைவேலுக்கு முகம் சுட்டது.

“மேடம், பசிக்குது. போலாமா?”

“இன்னும் ஒரு வெளிச்சம் வரட்டும்.”

அந்த வாக்கியமும் தெரிந்ததாகவே இருந்தது.

வெளிச்சம் வந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. நேரம் போனது. கடைசியில் ஃபிலோமினா திரும்பினார்.

கேமராவில் லென்ஸ் மூடி போட்டபடியே இருந்தது.

“மேடம், மூடி...”

“தெரியும் சார்.”

“அப்ப இவ்வளவு நேரம்?”

“நீங்க இவ்வளவு நேரம் என்ன பார்த்தீங்க? கடல் நல்லா இருந்துச்சா?”

“கடலை எங்க மேடம் பார்த்தேன்.” குரலில் எரிச்சல் வந்துவிட்டது. மறைக்கவில்லை. “எப்ப திரும்புவீங்கன்னு உங்க முதுகைத்தான் பார்த்துட்டு நின்னேன்.”

ஃபிலோமினா கேமராவை அவன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அந்தக் கொஞ்சக் கனமும் சேர்ந்து பட்டை கழுத்தில் இறங்கியது.

“போயிட்டு வாங்க சார்.”

“எந்தக் கேமரான்னு சொல்லவே இல்லையே?”

“சொல்லலையா?”

அவர் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். துணி காய்ந்திருக்கும் நேரம்.

*

பஸ் ஸ்டாண்டில் மாயவரம் பஸ் இன்னும் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

எந்தக் கேமரா என்று கேட்க இவ்வளவு தூரம் வந்து மூட்டை தூக்கியதுதான் மிச்சம் என்று நினைத்தான். சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பட்டை பதிந்த இடம் எரிந்தது.

தொட்ட கை அங்கேயே நின்றது.

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தான். ஹம்பி. பாறை. வலது ஓரத்து நிழல். வெட்டியதை நீக்கும் பொத்தானைத் தேடினான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதை அழுத்தியதில்லை.

அழுத்தினான்.

படம் வலது பக்கம் விரிந்தது.

சின்னப் பெண். ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. கழுத்தில் கேமரா பை. பட்டை நீளம் என்பதால் அது முழங்காலுக்குத் தொங்கியது. குனிந்து, அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். கீழே வைக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் சூரியன் எழுந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் பொன்னாகியிருந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் இருட்டாக இருந்தது. தொடுவானம் சாய்ந்திருந்தது. கொஞ்சம் வெளிச்சம் ஏற்றலாம். நிமிர்த்தலாம். விரல் பழக்கத்தில் அங்கே போனது.

விரலை எடுத்துக்கொண்டான்.

அப்படியே அனுப்பினான். எப்போதும் படத்தோடு ஊர் பெயர், லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் எழுதுவான். இன்று என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றும் எழுதவில்லை.

ஒரு டிக். இரண்டு டிக். சாம்பல்.

மாயவரம் பஸ் வந்தது. கண்டக்டர், “ஏறுங்க சார், ஏறுங்க, பையை மடியில வெச்சுக்கங்க” என்று கத்தினார். அவன் எழவில்லை. பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு போனது. ஆட்டுக்குட்டியும் வேறு சுவருக்குப் போய்விட்டது.

மடியில் செல்போன் ஒளிர்ந்தது. டிக் இரண்டும் நீலமாகியிருந்தன.

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

பிறகு வந்தது.

‘அந்தப் பை ரொம்ப கனமா இருந்துச்சுப்பா.’