மைதானத்துக்கு முதுகு

“என் பேச்சை ஒருத்தனும் கேக்க மாட்றான் மிஸ்.”

டெல்லிபாபு வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னான்.

குளோரி மிஸ் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“யாரு கேக்கல?”

“என் டீம் பசங்கதான்.”

“இந்த முனையைப் பிடி.”

பிடித்தான்.

வடசென்னையில் அந்தப் பக்கம் டெல்லிபாபுவைத் தெரியாதவர்கள் கிடையாது. பீச்லைன் பிரதர்ஸ் கிளப்பில் பதினைந்து வருஷம் ஃபார்வர்டு. பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். போன வருஷம் முழங்கால் போயிற்று. ஆட்டத்தை நிறுத்தினான். அன்றைக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் மேனேஜர் பொறுப்பையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு நன்றாக ஆடியவனுக்கு ஆடவைக்கத் தெரியாதா என்று கமிட்டி நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

அதற்குப் பிறகு தோல்விமேல் தோல்வி.

பாக்கி இருப்பது ஒரே மேட்ச். ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்தால் கிளப் இருக்கிற டிவிஷனிலேயே இருக்கும். இல்லையென்றால் கிளப் கீழே இறங்கும், டெல்லிபாபு வீட்டுக்குப் போவான். செகரட்டரி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவனை மிஸ்ஸிடம் ஓடிவரவைத்தது. பந்தை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

குளோரி மிஸ் மாநகராட்சிப் பள்ளியில் பி.டி. டீச்சர். அவளுடைய பெண்கள் டீம் ஒரு கோப்பையைக் கையில் எடுத்தால் லேசில் திருப்பித் தராது. இவனும் அவளும் ஒரே தெரு, ஒரே வயது. சின்ன வயதில் ‘வாடி, போடி’தான். இன்றைக்குக் காரியமாக வந்திருக்கிறானே, மரியாதை தானாக வந்துவிட்டது.

“எப்டி சொல்லித் தர்ற?” என்றாள் மிஸ்.

“செஞ்சே காட்டுவேன் மிஸ். மூலையிலேர்ந்து வளைச்சு அடிக்கணுமா, நானே அடிச்சிக் காட்டுவேன். நாலு பேரைத் தாண்டிப் போவணுமா, நானே போய்க் காட்டுவேன்.”

“பசங்க இன்னா பண்ணுவாங்க?”

“கை தட்டுவானுங்க.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. மிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“மேனேஜர் கால்ல பூட்ஸ் எதுக்கு?”

“சப் வரிசைல என் பேரும் இருக்கு. ஒரு அவசரத்துக்கு. முட்டி பத்து நிமிஷம் தாங்கும்.”

மிஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு நடந்தாள். மைதானத்தில் அவளுடைய பெண்கள் இரண்டு செட்டாகப் பிரிந்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பலகை. ஆட்டத்தில் இடம் கிடைக்காத நாலு பெண்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் நாற்காலியைப் பலகையைப் பார்க்கப் போட்டாள். மைதானம் முதுகுப் பக்கம் போயிற்று.

“குந்து.”

“மேட்ச் அந்தாண்ட நடக்குது மிஸ்.”

“நடக்கட்டும். திரும்பினா அப்டியே வீட்டுக்குப் போயிடு.”

உட்கார்ந்தான். பின்னால் பந்து உதைபடுகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் கால் தானாகத் துள்ளியது. கழுத்தைத் திருப்பாமல் இருப்பதற்குள் அவனுக்கு உயிர் போய்விட்டது. அந்தப் பெண்கள் அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மிஸ் வந்தாள்.

“இன்னா பாத்த?”

“ஒண்ணும் பாக்கல. நாலு பொண்ணுங்க வேர்க்கடலை துண்றாங்க.”

“நாளைக்கு வா.”

மறுநாளும் அதே நாற்காலி. அதே முதுகு.

“இன்னா பாத்த?”

“ஒருத்தி நகத்தைக் கடிச்சினே இருக்கா. ஒருத்தி உங்களையே பாத்துனு இருக்கா, எப்பக் கூப்புடுவீங்கன்னு. ஒருத்தி தூங்கறா.”

“நாலாவது?”

“கவனிக்கல.”

“நாளைக்கு வா.”

மூன்றாம் நாள் அவன் நாலாவது பெண்ணை மட்டும் பார்த்தான். நஸ்ரின் என்று பேர். ஒல்லி. யாரோடும் பேசவில்லை. அவள் கண் மட்டும் அவனைத் தாண்டி மைதானத்தில் அலைந்தது. திடீரென்று அவளுடைய இடது கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நகரும். நகர்ந்த பிறகுதான் பின்னால் யாராவது, “லெஃப்டுல உடு!” என்று கத்துவார்கள்.

டெல்லிபாபுவுக்குப் புல்லரித்தது.

“மிஸ், இந்தப் பொண்ணு கால் முன்னாடியே போவுது. அப்பாலதான் பந்து போவுது.”

மிஸ் விசில் ஊதினாள். “நஸ்ரின், எறங்கு.”

நஸ்ரின் கையிலிருந்த வேர்க்கடலையை அவன் மடியில் கொட்டிவிட்டு ஓடினாள்.

“பலகையைப் பாத்தா தெரியும்னு உங்களுக்கு எப்டித் தெரியும் மிஸ்?”

“நான் அந்தப் பலகையில குந்தினு இருந்தவதானே பாபு.”

அவன் பலகையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“நம்ம தெரு டீம்ல பொண்ணை எவன் எறக்குவான்? எல்லா மேட்சுக்கும் வருவேன். எல்லா மேட்சுக்கும் வெளியவே குந்தினு இருப்பேன். நீ கோல் போடறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுடுவேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்பாங்க.”

“எனக்குத் தெரியாதே.”

“நீ எப்ப இந்தப் பக்கம் பாத்த?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடலையை அவன் மடியிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டு சொன்னாள். அதனால்தான் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினைந்து வருஷத்தில் அவன் ஒரு மேட்சாவது வெளியே உட்கார்ந்ததில்லை. பலகை என்பது தண்ணீர் பாட்டில் வைக்கிற இடம் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கூட்டம் சுவர்மேலெல்லாம் ஏறி நின்றது. மிஸ்ஸும் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாவது பாதியும் பாதி போயிற்று. எதிர் டீமுக்கு டிரா போதும், அவர்கள் ஆற அமரப் பந்தை உருட்டினார்கள்.

சுவர்மேலிருந்து ஒருவன் ஆரம்பித்தான்.

“பாபுண்ணா, எறங்கு!”

மைதானம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. “பாபுண்ணா! பாபுண்ணா!”

ஐயோ, அந்தச் சத்தம்! ஒரு வருஷமாக அவன் காது அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தது. வலித்த முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டது. இறங்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். செகரட்டரியும் தூரத்திலிருந்து ‘எறங்கு, எறங்கு’ என்று கையைக் காட்டினார்.

சரி என்று முடிவே பண்ணிவிட்டான். லேஸை இறுக்கிக் கட்டுவதற்காகத் திரும்பிப் பலகையில் காலைத் தூக்கி வைத்தான்.

அப்படி வைத்தபோதுதான் மைதானம் முதுகுப் பக்கம் போனது. எதிரே அவனுடைய சப் பசங்கள்.

அண்ணனே இறங்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. ஒருவன் முகம் சுண்டிப்போயிருந்தது. ஒருவன் அப்பாடா என்று சாய்ந்துகொண்டான். இன்னும் இருவர் டெல்லிபாபுவையே பார்த்தார்கள். கடைசியில் கஜபதி. ஓட்டம் மந்தம் என்று டெல்லிபாபு இந்த சீசன் முழுக்க உட்காரவைத்த பையன். அவன் மட்டும் மேனேஜரைப் பார்க்கவில்லை. மேனேஜரின் இடுப்புக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, கொஞ்சம் நவுருங்க. மறைக்குது.”

டெல்லிபாபு நகரவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே கஜபதியின் காலைப் பார்த்தான்.

வலது கால் ஒரு சாண் முன்னே நகர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் கூட்டம் ‘ஓ’ என்றது.

கால் திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தது. மறுபடி ‘ஓ’.

“கஜா, நீ எறங்கு.”

“நானா? நீங்கதானே எறங்கறீங்க?”

“என் லேஸு அவுந்துபோச்சு. போடா.”

கஜபதி போனான். கூட்டம் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு திட்ட ஆரம்பித்தது. செகரட்டரி தலையில் அடித்துக்கொண்டார். டெல்லிபாபு காலைப் பலகையிலிருந்து இறக்கினான். திரும்பவில்லை. அங்கேயே, பலகையைப் பார்த்தபடி நின்றான்.

“மேனேஜரே, மேட்ச் இந்தப் பக்கம் நடக்குதுப்பா!” என்று சுவர்மேலிருந்து ஒரு குரல். ஊரே சிரித்தது.

சிரிக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. எதனால் என்று தெரியவில்லை, மனசு லேசாக இருந்தது. மேனேஜரான பிறகு இப்படி இருந்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முதுகில் ஒரு பெரிய சத்தம் வந்து மோதியது. சுவர்மேல் இருந்தவர்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள். யாரோ அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். கோல் கஜபதியுடையது. கடைசி விசில்வரை அது அப்படியே நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு குளோரி மிஸ் வந்தாள். பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான் டெல்லிபாபு. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னா கோலுடா பாபு அது! எப்டி இருந்துச்சு?”

“பாக்கல மிஸ்.”

“பாக்கலையா?”

“அதுக்கு முன்னாடியே பலகையில ஒருத்தன் எழுந்து நின்னான். அவனைப் பாத்துனு இருந்தேன்.”