எட்டில் ஒன்று கேட்ட பூதம்

முன்னொரு காலத்திலே, ஆனையும் பூனையும் ஊர்வம்பு பேசிய காலத்திலே, கொன்றைப்பட்டணத்து ஏரிக்கரையை ஒரு பூதம் காவல் காத்தது. அதற்காக ஊரார் தினமும் வண்டிச்சக்கரம் போல ஒரு தோசை வார்ப்பார்கள். பூதம் கேட்கிற பங்கு பூதத்துக்கு, மீதி ஊருக்கு.

முதலில், "இரண்டில் ஒன்று கொடு!" என்றது. பாதி கிடைத்தது.

ஆசை விடுமா? "இரண்டைவிட நாலு பெரிசாச்சே! நாலில் ஒன்று கொடு!" பசித்தது.

"நாலைவிட எட்டு பெரிசு! எட்டில் ஒன்று கொடு!" கிடைத்ததோ ஒரு கீற்று. பூதம் இளைத்தது. ஊரார் வாயைத் திறக்கவில்லை.

தோசை வார்க்கிற முத்தரசி மட்டும், "ஐயா பூதமே, பங்கு குறையுதே" என்றாள்.

"எனக்கா கணக்குத் தெரியாது? ஹூம்!" பூதம் சீறிய சீறலில் முத்தரசி பச்சைக்கிளியானாள். "பொழுது சாய்வதற்குள் உன் பேச்சு மெய்யென்று காட்டினால் பெண், இல்லாவிட்டால் என்றைக்கும் கிளி!"

மகள் பூவழகி பதறினாள். ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். "க்கும்! சும்மா இரு பாப்பா. உண்மை தெரிஞ்சா நம்ம பங்கு போயிடும்."

"எங்கம்மாவே போயிட்டாளே!" என்று, கிளியைத் தோளில் வைத்து, தோசையைத் தலையில் சுமந்து ஏரிக்கரைக்கு ஓடினாள் பூவழகி.

சூரியன் ஏரியைத் தொட இன்னும் ஒரு முழந்தான். "பூவ... கீ... கீ..." கிளிக்குப் பேச்சு குழறியது.

"பூதம் மாமா, பாருங்க!" தோசையைச் சரிபாதியாக வெட்டினாள். "ரெண்டு பேருக்கு. உங்களுக்கு ஒண்ணு." மறுபடி வெட்டினாள். "நாலு பேருக்கு. உங்க துண்டு பெரிசாச்சா, சிறிசாச்சா?"

"சிறிசு..."

மறுபடி வெட்டினாள். "எட்டு பேருக்கு. இப்போ?"

"ஆனா எட்டு இருக்கே!"

"துண்டு எட்டு மாமா. உங்களுக்கு வர்றது ஒண்ணுதானே? பங்கு போடப் போட ஒவ்வொரு துண்டும் சிறுக்குது!"

பூதம் அந்தக் கீற்றைப் பார்த்தது. தன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. ஓவென்று அழுதது.

"மெய்! மெய்! உன் அம்மா சொன்னது மெய்!"

சிறகு உதிர்ந்தது. முத்தரசி நின்றாள். பூவழகி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பூதம் கைகூப்பியது. "பசியில் கிடந்தேன் தாயே. நீ ஒருத்திதான் எனக்காகப் பேசினாய். உன்னையே கிளியாக்கினேனே!"

"அழுதது போதும், முதல்ல சாப்பிடுங்க" என்றாள் முத்தரசி. "எட்டுல நாலு துண்டு எடுத்துக்குங்க. அதுவும் பாதிதான்."

பூதம் விட்ட ஏப்பத்தில் ஊர்க்கூரைகள் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தன. அங்கே எல்லார் வயிறும் குளிர்ந்தது. கேட்ட உங்களுக்கும் குளிரட்டும்!