கையில் செருப்பு

மறுநாள் காலையில் காலனிப் பெண்கள் எல்லோரும் செருப்புக் காலோடு மேலத் தெருவில் நடப்பது என்று முடிவாகியிருந்தது. காலனிக்காரர்கள் அந்தத் தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

பூமயில் நேரே ஞானசெல்வத்திடம் போனாள். ஞானசெல்வம் வயதில் இளையவள்தான். ஆனாலும் காலனிக்கே நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கிறவள். பூமயில்கூட அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

"நாளைக்கு நான் வரலைம்மா."

"ஏன்க்கா?"

"நமக்காகப் போராடுன தலைவருக்கு ஊர் ஊராச் சிலை இருக்கு, மாலை போடுறோம். அவர் பேச்சைக் கேட்டு நடந்து அடி வாங்குனவளை எவ நினைக்கிறா? என் மண்டை உடைஞ்சா, நாளைக்கு என் பேரு யாருக்குத் தெரியும்?"

"வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

"கேட்டதுக்குப் பதிலைக் காணோம், டீயாம்!"

முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள். பக்கத்து ஊரில் இறங்கினார்கள். டீக்கடை ஒரு நீளத் தெருவின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். தெருமுனை வந்ததும் பூமயில் பேச்சை நிறுத்தாமலே குனிந்தாள். செருப்பு இரண்டும் கைக்கு வந்துவிட்டன.

ஞானசெல்வம் பார்த்தாள். கூடவே நடந்தாள்.

எதிரே சைக்கிளில் வந்த பள்ளிக்கூடத்துப் பெண் காலை ஊன்றி நின்றாள்.

"அத்தை, செருப்பு பிஞ்சிருச்சா? ஊக்கு வேணுமா?"

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டியே விட்டாள். பூமயில் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் கையில வச்சிருக்கீங்க? இந்த வெயில்ல கால் சுடலையா?"

பூமயில் அவள் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"நீ எந்தத் தெரு கண்ணு?"

"நாங்க இந்த ஊர்க் காலனி. ஊக்கை நீங்களே வச்சுக்கங்க."

மணி அடித்துக்கொண்டே அந்தத் தெரு முழுக்க மிதித்துப் போனாள். ஒரு வாசலிலும் யாரும் தலை திருப்பவில்லை. பூமயில் ஞானசெல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா இது..."

"நான் பிறக்கறதுக்கு முன்னாடி இங்கயும் கழற்றித்தான் போகணும்க்கா. பொம்பளைங்க கொஞ்சப் பேர் கழற்றாம நடந்தாங்க. கல் விழுந்துச்சு. மறுநாளும் நடந்தாங்க."

"அவங்க பேரு?"

"தெரியாது."

"அந்தப் புள்ளைக்காவது தெரியுமா?"

"செருப்பை ஏன் கழற்றணும்னே அவளுக்குத் தெரியலையேக்கா."

பூமயில் அந்தப் பெண் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கீழே போட்டு, ஒவ்வொரு காலாக மாட்டினாள்.