படத்துக்கு ஏற்ற கல்

கோவை சிங்காநல்லூரில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியை ஒட்டி ஒரு வீடு இருந்தது. வீட்டின் பின்பக்கம் அம்சவேணியின் சமையலறை. அதற்கும் பின்னால் பவுண்டரிக்காரரிடம் கேட்டு வாங்கிய கிடங்கு. கிடங்கில் அறுபது வார்ப்பிரும்புத் தோசைக்கற்கள் அடுக்கியிருந்தன. அறுபத்தோராவது கல் சமையலறை அடுப்பின் மேல் இருந்தது. வார்க்கும்போதே அதற்குக் கைப்பிடிக் காது ஒன்று உடைந்துவிட்டது. காது போன கல்லை எவன் வாங்குவான்? அம்சவேணி அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

விலை போகாததே அந்தக் கல்லுக்கு நல்லதாகப் போயிற்று. மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறியது. வெங்காயத்தால் தேய்பட்டது. நல்லெண்ணெய் குடித்தது. ஒரு வருஷத்தில் அதன் சொரசொரப்பு அடங்கிவிட்டது. மாவை ஊற்றினால் தோசை தானாகக் கிளம்பி வரும்.

கிடங்கிலிருந்த அறுபதுக்கும் அந்த யோகம் வரவில்லை. யாராவது வாங்கினால்தான் அவற்றுக்கு அடுப்பு. அம்சவேணி இணையத்தில் கடை போட்டிருந்தாள். கடைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் அவள் தம்பி தினகரன். பக்கத்தின் உச்சியில் அவன் ஒரு படம் ஒட்டியிருந்தான். கண்ணாடி மாதிரி மினுங்கும் கருப்பு, மேலே ஆவி, ஓரத்தில் பேர் தெரியாத ஒரு பச்சை இலை. அந்தப் படம் இவர்களுடையது அல்ல. எங்கிருந்தோ எடுத்தது. ஏன்டா என்றால், எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்பான்.

காலையில் அம்சவேணி செல்போனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்துக் கடைப் பக்கத்தைப் பார்த்தபடியே தோசை சுடுவாள். அப்போது அடுப்பிலிருந்த கல்லும் போனிலிருந்த படமும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும்.

"நீ யாரு?" என்று ஒருநாள் கல் கேட்டது.

"நான்தான் நீ," என்றது படம்.

"எனக்கு ஒரு காதுதான். உனக்கு ரெண்டு இருக்கு."

"அதனாலதான் நான் மேல இருக்கேன். நீ அடுப்புல இருக்கே."

"எந்தப் பவுண்டரியில உன்னை வார்த்தாங்க?"

"பவுண்டரியா? என்னை யாரும் வார்க்கல. நான் நூறு கடையில நிக்கறேன். ஒரு கடை மூடினா எனக்கு ஒண்ணும் குறையாது."

கல்லுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் அடுப்பில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. வேலையைப் பார்த்தது.

முதலில் விற்ற கல் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. கிழிந்த அட்டைப்பெட்டியோடு அதைச் சமையலறைத் தரையில் வைத்தார்கள்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டது காதுடைந்த கல்.

"பெட்டியப் பிரிச்சாங்க. போனைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி போனைப் பாத்தாங்க. அப்புறம் அந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க, பழைய கல்லைத் தலையில கட்டிட்டானுங்கன்னு."

"நீ பழசு இல்லையே."

"அதை நான் எங்க சொல்றது? எனக்காகப் பேசத்தான் படம் முன்னாடியே போயிருச்சே. அது பேசி முடிச்சிருச்சு."

அடுத்து வந்தது துருப்பிடித்து வந்தது. வாங்கியவர்கள் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள். அதற்கும் அடுத்தது, சின்னதாக இருக்கிறது என்று திரும்பியது. படத்தில் பக்கத்தில் ஒரு கைகூட இல்லை. அளவு யாருக்குத் தெரியும்?

கடைப் பக்கத்தின் அடியில் பதிவு என்று ஒன்று கிடந்தது. கடையைப் பற்றி எழுத வைத்த இடம் அது. கல் அதனிடம் சண்டைக்குப் போயிற்று.

"சோப்புப் போடாதீங்கன்னு நீயாவது சொல்லியிருக்கலாம். வடிகஞ்சியில ஊறவைங்கன்னு ஒரு வரி. வாய் வலிக்குமா உனக்கு?"

பதிவு எலும்பும் தோலுமாக இருந்தது. "எனக்குள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாரு. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள், தரமே எங்கள் உயிர். இவ்வளவுதான். அதுவும் முந்தின வருஷத்துப் பொங்கல். அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு போடல. இதை வெச்சு நான் யாரோட துருவைத் தடுக்கறது?"

கல் சண்டையைக் கைவிட்டது. பட்டினி கிடப்பவனிடம் என்ன பேரம் பேச முடியும்?

ஆடி பிறந்தபோது பவுண்டரிக்காரர் ரங்கசாமி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்முணி, பம்ப் கம்பெனி ஆர்டர் எடுத்திருக்கேன். ஆவணி ஒண்ணாந்தேதி எனக்குக் கிடங்கு வேணும். இனி தோசைக்கல் வார்க்கவும் முடியாது. இருக்கறதை வித்துக்க. மிஞ்சினா உலையில போட்டுப் பம்ப் ஊத்திருவேன்."

"ஒரு மாசம் தள்ளிக் குடுங்கண்ணா."

"உன் பேரத்தை எல்லாம் வெண்டைக்காய்க்காரன்கிட்ட வெச்சுக்க. ஆவணி ஒண்ணு."

அவர் போனபிறகு அம்சவேணி கிடங்கைத் திறந்து பார்த்தபடி நின்றாள். பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். அந்த அறுபது கல்தான் அவளுக்கு இருந்த கடை. உலை இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். அது மூச்சுவிடும் சத்தம் கற்களுக்கு எப்போதும் கேட்கும்.

போனுக்குள் இன்னொரு படமும் இருந்தது. தினகரன் எப்போதோ விளையாட்டாக எடுத்தது. ஜன்னல் வெளிச்சம். காதுடைந்த கல்லின் மேல் ஒரு தோசை, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது. கரண்டியைப் பிடித்த அம்சவேணியின் கை, மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. அந்தப் படத்துக்கு யாரும் பேர் வைக்கவில்லை. போன் போட்ட எண்தான், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.

கல் அந்தப் படத்திடம் சொன்னது. "நீ மேல போயேன்."

"கூப்பிட்டாத்தானே போக முடியும்? எனக்குப் பேரே இல்ல. தோசைக்கல்லுன்னு யாராவது தேடினாக்கூட நான் அகப்படமாட்டேன். எண்ணைச் சொல்லி யாரு தேடுவாங்க?"

மினுங்கும் படம் சிரித்தது. "இதையா மேல ஏத்தப் போறாங்க? தோசை கிழிஞ்சிருக்கு. கையில தழும்பு. நல்லாத்தான் இருக்கும் யாவாரம்."

"கிழிஞ்ச தோசையப் பாத்து வாங்கறவன் கல்லைத் திருப்பி அனுப்பமாட்டான்," என்றது எண் படம். "அந்தக் கையப் பாத்தா கல்லோட அளவு தெரியும். நான் ஆளைக் கூட்டிட்டு வரமாட்டேன். வந்த ஆளை விடமாட்டேன்."

"நான் கூட்டிட்டு வருவேன்," என்றது மினுங்கும் படம். "அப்புறம் நடக்கறது என் வேலையில்ல."

அன்று தினகரனுக்கே ஒரு யோசனை வந்தது. "அக்கா, நம்ம அடுப்புல எடுத்த படத்தைப் போட்டுப் பாப்பமா? கூடவே எப்படிப் பழக்கறதுன்னு நாலு வரி நீங்க சொன்னா எழுதிடறேன்."

கல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அம்சவேணி அந்தப் படத்தைப் பார்த்தாள். கிழிந்த தோசையைப் பார்த்தாள். தன் தழும்பைப் பார்த்தாள். "இதைப் பாத்தா எவன்டா வருவான்? படத்துல ஒரு குறையும் இல்ல. கல்லுதான் படம் மாதிரி இல்ல. கல்லை அப்படி ஆக்கிட்டாப் போச்சு."

படத்தை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு அவர்கள் அறுபது கல்லையும் மாற்றப் போனார்கள்.

கிரைண்டிங் பட்டறையில் ஒவ்வொரு கல்லையும் தோல் உரித்தார்கள். சொரசொரப்பு போயிற்று. கூடவே கனமும் போயிற்று. பிறகு மினுங்கும் கருப்பு எனாமல் பெயிண்ட் அடித்துக் காயவைத்தார்கள். வரிசையாக வெயிலில் கிடந்த கற்களைப் பார்த்தால் அறுபதும் அந்தப் படமாகவே இருந்தன.

"நல்லா இருக்கமா?" என்று ஒன்று காதுடைந்த கல்லைக் கேட்டது.

"மூச்சு விட முடியுதா?"

"முடியல. ஆனா பளபளன்னு இருக்கு."

தினகரன் அந்த மினுங்கும் படத்தையே இன்னும் பெரிதாகத் தேடி எடுத்தான். ஆள் உயரத்துக்கு விரிந்து வருகிற படம். சாதாரண போனில் அது திறப்பதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. போனில் இடம் போதவில்லை. வேண்டாத படங்களை அழித்தான். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழும் அதில் போயிற்று. எண்ணைப் பார்த்து அழித்தான். உள்ளே அக்காவின் கை இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

காத்திருந்த மீதிப் பாதிப் பேர் வாங்கினார்கள். நாற்பத்தொரு கல் போயிற்று. இந்த முறை பெட்டியைப் பிரித்த யாரும் குறை சொல்லவில்லை. போனைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அம்சவேணி ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு கற்கள் அடுப்பேறின.

எனாமல் கொப்பளித்தது. புகைந்தது. செதில் செதிலாகத் தோசையில் ஒட்டியது. உடுமலைப்பேட்டையில் யசோதா என்பவள் தன் நாலு வயது மகளுக்கு ஊட்டியபிறகுதான் தட்டைப் பார்த்தாள். குழந்தை இரண்டு நாள் வாந்தி எடுத்தது. யசோதா அந்தத் தட்டை ஒரு படம் எடுத்துக் கடைப் பக்கத்தில் விமர்சனமாகப் போட்டாள். டியூப்லைட் வெளிச்சம், கை ஆடிய படம். வெள்ளைத் தோசையில் கருப்புச் செதில்.

அந்தப் படம் பக்கத்துக்குள் வந்ததும் மினுங்கும் படம் நகர்ந்து வழிவிட்டது.

"நீ ஒண்ணும் சொல்லலையா?" என்று பதிவு அதைக் கேட்டது.

"எனக்கென்ன? இன்னும் தொண்ணூத்தொம்பது கடை இருக்கு."

அன்று சாயங்காலமே தினகரன் மினுங்கும் படத்தை எடுத்துவிட்டான். அது போன இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் இருந்தது.

கற்கள் திரும்பி வந்தன. ஆடி கடைசி நாளில் ரங்கசாமி வந்து ஒன்றைக் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்தார்.

"பெயிண்டை எரிச்சு எடுத்துரலாம்ல அண்ணா?"

"எடுக்கலாம். அப்புறம்? தேய்ச்சுத் தேய்ச்சுத் தகடாக்கி வெச்சிருக்கே. இங்க பாரு, கீறல். அடுப்புல வெச்சா ரெண்டாப் பொளந்திரும். நல்ல வார்ப்பை நாசம் பண்ணிட்டியே அம்முணி. யாரு சொன்னா உனக்கு?"

அம்சவேணி கிடங்குச் சாவியை நீட்டினாள். தள்ளுவண்டி கற்களோடு உலைக்கு நாலு நடை போயிற்று. கடைசி நடையில் ஒரு கல் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது.

"உனக்குக் காது உடைஞ்சப்ப நாங்க சிரிச்சோம்," என்றது.

"தெரியும்," என்றது அடுப்பிலிருந்த கல்.

மறுநாள் காலையில் யசோதா பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். கையில் கல், இடுப்பில் மகள். வாசலில் நின்று கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டாள். அம்சவேணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். ஏச்சு முடிந்தபோது குழந்தை பசிக்கிறது என்றது.

"உள்ள வாங்க. குழந்தைக்கு ஒரு தோசை சுட்டுத் தாரேன்."

"உங்க கல்லுலயா?"

"கூடவே நின்னு பாருங்க. முதத் தோசைய நான் தின்னுட்டுத்தான் பாப்பாவுக்கு."

யசோதா அடுப்பருகே நின்றாள். மாவு கல்லில் விழுந்தது. ஓரம் சிவந்தது. தோசை தானாகக் கிளம்பியது, ஒரு பக்கம் லேசாகக் கிழிந்தது. அம்சவேணி தின்று காட்டினாள். பிறகு குழந்தை தின்றது, இன்னொன்று கேட்டது.

யசோதா கல்லைச் சுட்டிக் காட்டினாள். "இந்த மாதிரிக் கல்லுதாங்க நான் தேடினேன். இதை ஏன் நீங்க விக்கல?"

"இதையேதாங்க அனுப்பினேன். இதே வார்ப்பு."

"அப்ப இதை ஏன் படத்துல காட்டல?"

அம்சவேணி குழந்தையின் தட்டைக் கழுவ எடுத்தாள்.

யசோதா போனபின் அவள் போனில் அந்தப் பழைய படத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டாள். இன்னொரு தோசை ஊற்றி, இடது கையால் தானே படம் எடுத்தாள். கிழிசலும் வந்தது, உடைந்த காதும் வந்தது, தழும்பும் வந்தது. படத்துக்குப் பேர் வைத்தாள்: அம்சவேணி வீட்டுத் தோசைக்கல். வெள்ளைக் கட்டத்தில் அதை ஏற்றினாள். கீழே தானே எழுதினாள். பெயிண்ட் அடித்தது நான்தான். வாங்கியவர்கள் அதில் சமைக்காதீர்கள். இரும்புக் கல் பளபளப்பாக இருக்காது. சோப்புப் போடாதீர்கள். மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவையுங்கள். முதல் பத்துத் தோசை கிழியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு ஒவ்வொரு வரியாக விழுங்கியது. "இப்பத்தான் பேசறதுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கு," என்றது கல்லிடம்.

மத்தியானத்துக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர். தாராபுரத்திலிருந்து இரண்டு பேர். எல்லாரும் கேட்டது ஒன்றே: இந்தக் கல்லு இருக்குங்களா?

சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கசாமியின் ஆட்கள் உலையைச் சாய்த்துப் பம்ப் அச்சுகளில் இரும்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போன் விடாமல் அடித்தது. இருக்கிறது என்று சொல்லக் கிடங்கில் ஒரு கல்லும் இல்லை.