செம்பருத்திக் கம்புக்குச் சாணித் தொப்பி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. முல்லை மெதுவாகப் பேசும். அரளி வெடுக்கென்று பேசும். செம்பருத்தி இருக்கிறதே, அது பேச ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது! பூவுக்குப் பூ ஒரு நாக்கை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வாயடிக்கும்.

அந்த வாயால்தான் அது கெட்டது. பூமித்தாய் செடிகளுக்கெல்லாம் விதை பங்கிட்ட நாளில் சங்குப்பூவும் துளசியும் ஓடிப்போய் மடியேந்தி வாங்கிக்கொண்டன. செம்பருத்தியோ தேன்சிட்டோடு கதை பேசிக்கொண்டு நின்றது. கதை முடிந்து திரும்பிப் பார்த்தால், கூடை காலி.

"விதை எதுக்கு? நான் சாகப்போறேனா என்ன?" என்று சிரித்தது.

ஆக, உலகத்துக்கே ஒரே ஒரு செம்பருத்தி. அது குருவம்மாவின் முற்றத்தில் நின்றது. வெயிலுக்குப் பேர்போன ஊர் அது. மழைக்கு முளைத்த செடியெல்லாம் பங்குனியில் கருகிவிடும். செம்பருத்தி மட்டும் வருஷம் முழுக்கப் பூக்கும். வாக்கப்பட்டு வந்த ஊரில் குருவம்மாவோடு முதன்முதலில் பேசியது அந்தச் செடிதான். அரிசி களைந்த தண்ணீரை அவள் வேறு எதற்கும் ஊற்றமாட்டாள். அதன்மேல் அவளுக்கு உயிர்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடத்தி வீடு. மாடத்தியிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. கண்ணில் பட்ட இலை எதையும் அது விட்டுவைக்காமல் மேயும்.

ஒருநாள் குருவம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஆடு, இலையையும் பூவையும் மேய்ந்து முடித்து, செம்பருத்தியின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றுகொண்டிருந்தது! குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, ஆட்டை விரட்டினாள். உச்சியில் ஒரே ஒரு பூ மிச்சமிருந்தது.

"குருவு, அழாத. நான் சொல்றதைக் கேளு. என்னை ஒடி" என்றது பூ.

"உசுரோட நிக்கிற உன்னையவா? என் கை வராது!"

"முழுசா நின்னா முழுசாச் செத்துருவேன். எனக்கு விதையும் கெடையாது. ஒடிச்சு ஒடிச்சு மண்ணுல ஊனு. எதாவது ஒண்ணு பொழைக்கும். மாடத்திக்கும் ஒண்ணு குடு."

"உன்னையத் தின்ன ஆட்டுக்காரிக்கா?"

"ஒரு மண்ணு கைவிட்டா இன்னொரு மண்ணு காப்பாத்தும்ல."

அதுவரை எந்த மனிதக் கையும் உயிருள்ள செடியை நடுவதற்காக ஒடித்ததில்லை. குருவம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மளுக்! அந்தச் சத்தத்தில் முல்லைகூட வாயை மூடிக்கொண்டது. பூ உதிர்ந்தது, பேச்சும் நின்றது. அவள் ஒடித்த கம்புகளைத் தன் முற்றத்தில் ஊன்றினாள். ஒன்றை மட்டும் வேலிக்கு மேலே வீசி எறிந்தாள்.

"இந்தாங்க மதினி! இதையும் உங்க ஆட்டுக்கே போடுங்க!"

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு தப்பைச் செய்தாள். பூ இல்லாத கம்புக்கு நாக்கு ஏது? அது பிழைத்ததா செத்ததா என்று சொல்ல ஆளில்லை. அவளுக்கோ மனசு கிடந்து துடிக்கிறது. காலையில் எழுந்ததும் கம்பைப் பிடுங்கி, "வேர் வந்துட்டா?" என்று பார்ப்பாள். திரும்ப ஊன்றுவாள். சாயங்காலம் மறுபடி பிடுங்குவாள். ஆசைதான், வேறென்ன! அத்தனை கம்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்து சுள்ளியாயின. கடைசிக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே கொன்னுட்டேனே!" என்று கதறினாள்.

அப்போதுதான் தேன்சிட்டு அவள் தலைக்கு மேலே பறந்து, "அங்க பாரு! அங்க பாரு!" என்று கத்தியது.

வேலிமேல் எக்கிப் பார்த்தாள். மாடத்தி பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு கம்பு. அதன் தலையில் ஒரு சாணி உருண்டை. அதற்குக் கீழே பச்சைப் பசேலென்று தளிர். தளிருக்கு நடுவே ஒரு மொட்டு!

குருவம்மா ரோஷத்தைத் தூக்கிக் கடாசினாள். சுற்றிக்கொண்டு ஓடி மாடத்தி வாசலில் நின்றாள்.

"மதினி... ஒரே ஒரு கம்பு தாங்க. என்னோடதெல்லாம் செத்துப்போச்சு."

"ஏட்டி, நீ எறிஞ்சதுதான இது!" என்றாள் மாடத்தி. "என் ஆடு செஞ்ச பாவத்துக்கு எப்படியாச்சும் பொழைக்க வைக்கணும்னு ஊனுனேன். சாணி வாடைக்கு ஆடு வாய் வைக்காதுன்னு தலையில அப்பிவிட்டேன். அதுதான் வெயிலுக்கும் காப்பாத்திருக்கு. நீ என்ன செஞ்ச?"

"தெனமும் பிடுங்கிப் பாத்தேன்."

"அட கோட்டிக்காரி! தூங்குற புள்ளையத் தொட்டில்லருந்து தூக்கித் தூக்கிப் பாத்தா அது எப்படிட்டி வளரும்?"

இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். மாடத்தி ஒரு கிளையை ஒடித்து அவள் கையில் வைத்தாள். இதைப் பார்த்த நந்தியாவட்டையும் அரளியும் முல்லையும் காகிதப்பூக் கொடியும், "என்னையும் ஒடிங்க! என்னையும்!" என்று கூச்சல் போட்டன.

அந்த ஆரவாரத்தில் மொட்டு விரிந்தது. பூ நாக்கை நீட்டிப் பேச வந்தது. ஆனால் அத்தனை நாள் பேசாமல் இருந்த இரண்டு பெண்களும் பேசிய பேச்சில் அதற்கு ஒரு வார்த்தைக்குக்கூட இடம் கிடைக்கவில்லை.

அன்று முதல்தான், கம்பு ஊன்றுகிறவர்கள் அதன் தலையில் சாணி வைக்கிறார்கள், ஊன்றியதைத் தொட்டுப் பார்ப்பதில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யார் கேட்டாலும் ஒரு கம்பை இல்லையென்று சொல்லாமல் ஒடித்துக் கொடுக்கிறார்கள். செம்பருத்தியும் தன் முறை வரும் என்று இன்னமும் நாக்கை நீட்டிக்கொண்டே நிற்கிறது.